கேமராவையும் கழற்றிக்கொண்டு போனார்கள்

பதினாறு ஆண்டுகளாக வாடகை கார் ஓட்டுகிறேன். முதல் பன்னிரண்டு ஆண்டுகள் முதலாளி வண்டி, 2021இல் தவணையில் சொந்த வண்டி. குடியிருப்பது ஊரப்பாக்கம். 2023 டிசம்பர் இறுதியில் கிளாம்பாக்கம் பேருந்து முனையம் திறந்த பிறகு எங்கள் பகுதி ஓட்டுநர்களுக்கு இரவுச் சவாரி பெருகியது. ஊரிலிருந்து வந்து இறங்குபவர்கள், கடைசிப் பேருந்தைத் தவறவிட்டவர்கள் என்று நள்ளிரவிலும் ஆள் கிடைக்கும். பகல் நெரிசலில் பத்து மணி நேரம் ஓட்டிச் சம்பாதிப்பது இரவில் ஆறு மணி நேரத்தில் வந்துவிடும். அதனால் இரவு வண்டிதான் என்று முடிவு செய்திருந்தேன். 2024 நவம்பரில் ஒரு வெள்ளிக்கிழமை இரவு எனக்கு நேர்ந்ததை இவ்வளவு நாள் எழுதாமல் இருந்ததற்கு வெட்கம்தான் காரணம். இத்தனை ஆண்டு ஓட்டியவன் மூன்று இளைஞர்களிடம் அகப்பட்டுக்கொண்டான் என்று சொல்ல மனம் வரவில்லை. ஆனால் போன மாதம் எங்கள் ஸ்டாண்டில் இருபத்து நான்கு வயதுத் தம்பி ஒருவர், மலிவாக வாங்கிய கேமரா ஒன்றைக் கண்ணாடியில் ஒட்டிவிட்டு, "இனிமேல் பயமில்லை அண்ணா" என்றார். இதே வார்த்தையை நானும் என் மனைவியிடம் சொல்லியிருக்கிறேன். அந்தத் தம்பிக்காகத்தான் எழுதுகிறேன்.

அன்று இரவு பதினொன்றே முக்காலுக்கு ஆப்பில் வந்த ஒரு சவாரியைக் கிளாம்பாக்கத்தில் இறக்கிவிட்டு, ஓரமாக நிறுத்தித் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தேன். மூன்று பேர் வந்தார்கள். இருபது, இருபத்திரண்டு வயதிருக்கும். "அண்ணா, உத்திரமேரூர் போக வேண்டும், பஸ் போய்விட்டது" என்றார்கள். ஆப்பில் போடச் சொன்னேன். "அதில் அதிகமாகக் காட்டுகிறது, நேராகவே வருகிறோம், இரண்டாயிரத்து இருநூறு தருகிறோம்" என்றான் ஒருவன். கமிஷன் பிடித்தம் இல்லாத இரண்டாயிரத்து இருநூறு ரூபாய் எந்த ஓட்டுநருக்கும் பெரிய தொகை. ஏறச் சொன்னேன். அந்த ஒரு நிமிடத்தில் நான் எதை இழந்தேன் என்பது பிறகுதான் புரிந்தது. ஆப் வழியாக வந்திருந்தால் முன்பதிவு செய்தவருடைய போன் எண், ஏறிய இடம், வண்டி நகர்ந்த பாதை எல்லாம் எங்கோ ஒரு சர்வரில் பதிவாகியிருக்கும். கைகாட்டி ஏறியவர்களைப் பற்றி என்னிடம் ஒரு பெயர்கூட இல்லை. வெளிச்சவாரியே எடுக்காதீர்கள் என்று சொல்ல மாட்டேன், அதை நம்பித்தான் பல குடும்பங்கள் சாப்பிடுகின்றன. ஆனால் ஏறுபவரின் போன் எண்ணை வாங்கி, அங்கேயே ஒரு மிஸ்டு கால் கொடுக்கச் சொல்லிச் சரிபார்த்துவிட்டு வண்டியை எடுங்கள். நல்ல பயணி ஒருவர்கூட இதற்கு முகம் சுளித்து நான் பார்த்ததில்லை.

ஒருவன் முன்னால் உட்கார்ந்தான். இருவர் பின்னால், அதில் ஒருவன் சரியாக என் முதுகுக்குப் பின்னால். முன்னால் இருந்தவன் கண்ணாடியில் இருந்த கேமராவைப் பார்த்து, "இது வண்டிக்குள்ளேயும் எடுக்குமா அண்ணா?" என்று கேட்டான். "இல்லை தம்பி, ரோட்டை மட்டும்தான்" என்றேன். "பேசுவது பதிவாகுமா?" "அதை அணைத்துத்தான் வைத்திருக்கிறேன்." இந்தப் பேச்சை இன்றுவரை எத்தனை இரவுகள் நினைத்துப் பார்த்திருப்பேன் என்று எனக்கே தெரியாது. என் வண்டியின் காவல் எங்கே ஓட்டையாக இருக்கிறது என்பதை நானே அவனுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். கேமராவைப் பற்றி யார் கேட்டாலும் சொல்ல வேண்டிய பதில் ஒன்றுதான்: "உள்ளே, வெளியே, குரல் எல்லாம் பதிவாகும், அப்போதே வீட்டுக்கும் போய்விடும்."

சிங்கப்பெருமாள் கோவிலில் தேநீர் குடிக்க நிறுத்தச் சொன்னார்கள். இருவர் வெளிச்சத்துக்கே வரவில்லை, ஒருவன் மட்டும் கடைக்கு வந்து காசு கொடுத்தான். பரனூர் சுங்கச்சாவடியைத் தாண்டும்போது 12.31 மணி. பாஸ்டேக் குறுஞ்செய்தி வந்ததால் அந்த நேரம் நினைவிருக்கிறது. பாலாற்றுப் பாலம், மாமண்டூர், படாளம் கடந்து புக்கத்துறை கூட்டுச்சாலையில் வலதுபக்கம் திரும்பினோம். ஐந்தாறு கிலோமீட்டர் போயிருப்போம். பின்னால் இருந்தவன் வாந்தி வருகிறது, நிறுத்துங்கள் என்றான். நிறுத்தினேன். கைப்பிரேக்கைப் போடுவதற்குள் பின்னாலிருந்து ஒரு துண்டு கழுத்தில் விழுந்து தலையை இருக்கையோடு சேர்த்து இழுத்தது. முன்னால் இருந்தவன் கையில் கத்தி. போனின் பூட்டு எண்ணைக் கேட்டார்கள், சொன்னேன். பணம் அனுப்பும் செயலியின் ரகசிய எண்ணைக் கேட்டார்கள். அப்போதுதான் ஹார்னை அழுத்தினேன். கத்தியின் பிடியால் புருவத்தில் ஓங்கி அடித்தான். நான்கு தையல். அந்த இருட்டில், அந்தச் சாலையில், ஹார்ன் யாருக்கும் கேட்கப் போவதில்லை. கேட்டதைக் கொடுத்துவிட வேண்டும், எதிர்த்துக் கை ஓங்கக் கூடாது. இதைத் தயக்கமில்லாமல் சொல்கிறேன், ஏனென்றால் அந்த அடி இரண்டு அங்குலம் தள்ளிக் கண்ணில் விழுந்திருந்தால் இன்று நான் ஓட்டுநர் இல்லை.

முதலில் 15,000, பிறகு 7,000 என்று இரண்டு முறை பணம் போனது. சட்டைப்பையிலிருந்து 3,800 ரூபாய் ரொக்கத்தை எடுத்தார்கள். போனை எடுத்துக்கொண்டார்கள். கடைசியாக முன்னால் இருந்தவன் எட்டிப் பார்த்துக் கேமராவைப் பிடித்து இழுத்தான். அது கண்ணாடியிலிருந்து கையோடு வந்தது, சாக்கெட்டில் செருகியிருந்த ஒயரோடு சேர்த்துச் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டான். மூன்று வினாடி வேலை. அந்த இடத்தில் இருட்டுக்குள் இரண்டு பைக்குகள் ஏற்கெனவே நின்றிருந்தன. கார்ச் சாவியை வயலுக்குள் வீசிவிட்டுப் போனார்கள். ஆறு நிமிடமோ ஏழு நிமிடமோதான் ஆகியிருக்கும். என்னைப் பாதுகாக்கும் என்று நான் நம்பிய பொருளை, தங்களுக்கு எதிரான ஒரே சாட்சி என்று அவர்கள் எளிதாகப் பிடுங்கிக்கொண்டு போனதைப் பார்த்தபோது, பணம் போனதைவிட அதிகமாக மனம் உடைந்தது. வண்டியின் கதவைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் அழுதேன்.

வண்டியில் அரசு விதிப்படி பொருத்திய கருவி ஒன்றும் இருந்தது. 2019 ஜனவரி 1 முதல் பதிவாகும் டாக்சி போன்ற பயணிகள் வாகனங்களில், வண்டி எங்கே இருக்கிறது என்று காட்டும் இருப்பிடக் கருவியும் அவசரப் பொத்தானும் இருக்க வேண்டும் என்பது மத்திய மோட்டார் வாகன விதி. என் வண்டியிலும் இருந்தது. ஆனால் பொத்தான் பின் இருக்கைப் பக்கம் மட்டும்தான். பயணிக்கு ஓட்டுநரால் ஆபத்து வந்தால் அழுத்தட்டும் என்று நினைத்துப் பொருத்தியிருக்கிறார்கள், அதில் எனக்குக் குறை இல்லை. கழுத்தில் துண்டோடு இருக்கும் ஓட்டுநரின் கைக்கு அது எட்டாது என்பதை யாரும் யோசிக்கவில்லை. எட்டியிருந்தாலும் பயனில்லை என்பது பிறகுதான் தெரிந்தது: கருவிக்குள் இருக்கும் சிம்மின் கட்டணக் காலம் பல மாதங்களுக்கு முன்பே முடிந்திருந்தது. வண்டியின் தகுதிச் சான்றான எஃப்.சி.க்காக மாட்டினோம், சான்று வாங்கினோம், அதோடு மறந்துவிட்டோம். எங்கள் ஸ்டாண்டில் விசாரித்தால் பாதிப் பேர் நிலைமை இதுதான். இன்றே மாட்டிய கடைக்குப் போன் செய்து, சிம் எந்தத் தேதிவரை உயிரோடு இருக்கிறது என்று கேளுங்கள். பார்வையிடும் கணக்கின் கடவுச்சொல்லை வாங்கி, இன்றைய இடத்தைக் காட்டுகிறதா என்று உங்கள் கண்ணால் பாருங்கள். ஓட்டுநர் இருக்கைக்கு அடியில் இன்னொரு பொத்தானுக்கு இணைப்பு எடுக்க முடியுமா என்றும் கேளுங்கள். எனக்குச் செய்து கொடுத்தார்கள்.

இருபது நிமிடம் நடந்த பிறகு வைக்கோல் ஏற்றிய லாரி ஒன்று நின்றது. அந்த ஓட்டுநர் தன் போனைக் கொடுத்தார். யாரை அழைப்பது? என் மனைவியின் எண் ஒன்றுதான் மனப்பாடமாகத் தெரியும். மகள் எண்கூட நினைவுக்கு வரவில்லை. அவசர உதவி எண் 112ஐ அவரே அழைத்துக் கொடுத்தார். போகும் வழியில் இருந்த காவல் நிலையத்தில் இறக்கிவிட்டார். அங்கே இருந்தவர், "என்னப்பா, நடந்த இடம் எங்கள் எல்லையில் வராதே" என்றார். விடியும்வரை நெற்றியில் கைக்குட்டையை அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஏறக்குறைய நான்கு மணி நேரம். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் புதிய குற்ற நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173ஆவது பிரிவு, குற்றம் எந்த எல்லையில் நடந்திருந்தாலும் எந்தக் காவல் நிலையத்திலும் தகவல் கொடுக்கலாம் என்று சொல்கிறது. பதிந்துவிட்டுப் பிறகு உரிய நிலையத்துக்கு மாற்றிக்கொள்வது அவர்கள் வேலை. முதல் தகவல் அறிக்கையின் நகலையும் புகார் கொடுத்தவருக்கு இலவசமாகத் தர வேண்டும். இது எனக்குத் தெரிந்திருந்தால் பணிவாகவே கேட்டிருப்பேன். அந்த நான்கு மணி நேரம் ஏன் முக்கியம் என்றால், பணத்தின் கதை அதற்குள் முடிந்துவிட்டது.

காலை ஏழு மணிக்கு மனைவியும் நண்பர் ஒருவரும் மாற்றுச் சாவியோடு வந்த பிறகுதான் இணையப் பண மோசடிப் புகார் எண்ணான 1930க்கும் வங்கியின் அவசர எண்ணுக்கும் பேசினேன். 15,000 அதிகாலையிலேயே ஏடிஎம்மில் எடுக்கப்பட்டுவிட்டது. 7,000 வேறொரு கணக்கில் அப்படியே இருந்தது, அதை முடக்கினார்கள். பல மாதம் அலைந்து நீதிமன்ற உத்தரவு வாங்கித் திரும்பக் கிடைத்தது அது ஒன்றுதான். லாரி ஓட்டுநரின் போன் கையில் இருந்த அந்த நிமிடமே 1930க்கும் பேசியிருக்க வேண்டும். போன அந்த இருபத்திரண்டாயிரமும் மகளின் கல்லூரிக் கட்டணம். திங்கட்கிழமை கட்ட வேண்டும் என்று அந்தக் கணக்கில் வைத்திருந்தேன். மனைவியிடம் இதைச் சொன்னபோது, "உயிரோடு வந்தீர்களே, போதும்" என்றாள். ஆனால் அன்று இரவு சமையலறையில் தனியாக நின்று அவள் அழுததை நான் பார்த்தேன். இப்போது சவாரிப் பணம் வருவதற்கென்று தனியாக ஒரு கணக்கு. தினமும் இரவு வேலைக்குக் கிளம்பும் முன் அதில் ஆயிரம் ரூபாயை விட்டுவிட்டு மீதியை மனைவியின் கணக்குக்கு மாற்றிவிடுகிறேன். வீட்டுக் கணக்கு என் போனிலேயே இல்லை. ஓட்டுநர்கள் எல்லோரும் உடனே செய்யக்கூடிய, காசு செலவில்லாத காரியம் இது.

மருத்துவமனையைப் பற்றி ஒரு வார்த்தை. செங்கல்பட்டு அரசு மருத்துவமனையில் தையல் போட்டார்கள், நன்றாகவே பார்த்தார்கள். காயம் எப்படி ஏற்பட்டது என்று பணி மருத்துவர் கேட்டு விபத்துப் பதிவேட்டில் எழுதுவார். மயக்கத்தில் "விழுந்துவிட்டேன்" என்று சொல்லிவிடாதீர்கள். எத்தனை பேர், எந்த இடம், எதனால் அடித்தார்கள் என்று தெளிவாகச் சொல்லுங்கள். வழக்கில் அந்த நான்கு வரிக்கு மதிப்பு அதிகம். அடுத்தது சிம். போனை முடக்குவதற்கு மத்திய அரசின் சஞ்சார் சாதி தளத்தில் ஐஎம்இஐ எண் (ஒவ்வொரு போனுக்கும் உரிய அடையாள எண்), புகார் நகல், அடையாள அட்டை எல்லாம் கேட்கிறார்கள், உறுதிப்படுத்தும் எண் உங்கள் சிம்முக்குத்தான் வரும். ஆகவே முதலில் மாற்றுச் சிம் வாங்க வேண்டும். இந்த வரிசை தெரியாமல் நான் ஒரு நாளைத் தொலைத்தேன். போன் வாங்கிய பெட்டியில் ஐஎம்இஐ எண் இருக்கும், அதைப் படம் எடுத்து வீட்டில் யாருடைய போனிலாவது வைத்திருங்கள்.

விசாரணை அதிகாரி என்னிடம் கேட்ட முதல் கேள்வி, "கேமரா இருந்ததா?" என்பதுதான். இருந்தது, கொண்டுபோய்விட்டார்கள் என்றேன். சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அப்படியானால் வழியில் இருந்த கேமராக்களைத் தேட வேண்டும்" என்றார். மாற்றுச் சிம் கிடைத்ததும் பாஸ்டேக் கணக்கைத் திறந்து 12.31 மணிப் பதிவை எடுத்துக் கொடுத்தேன். அந்த ஒரு வரியால் சுங்கச்சாவடியின் கேமராவில் எந்த நிமிடத்தைப் பார்க்க வேண்டும் என்று தெரிந்தது. முன் இருக்கைக்காரன் தலையைக் குனிந்திருந்தான். முகம் தெளிவாகக் கிடைத்தது தேநீர்க் கடையில்தான். நான்காம் நாள் நானே போய்க் கடைக்காரரைக் கெஞ்சினேன். "நல்ல வேளை வந்தீர்கள், ஒரு வாரத்தில் பழையது தானாக அழிந்துவிடும்" என்றார் அவர். எந்தக் கேமராவும் அப்படித்தான், இடம் நிரம்பினால் பழையதன் மேல் புதியதை எழுதும். காவல்துறை கடிதத்தோடு வரும்வரை காத்திருக்க வேண்டாம். அன்றே போய், "இந்தத் தேதி, இந்த நேரத்தை மட்டும் அழியாமல் எடுத்து வையுங்கள் ஐயா" என்று கேட்டுவிடுங்கள். எனக்குக் கொடுக்க வேண்டியதில்லை, காவல்துறைக்கு அவர்கள் கொடுத்தால் போதும். அந்த முகமும் பணம் போன கணக்கும் சேர்ந்து பத்தொன்பதாம் நாள் இரண்டு பேர் பிடிபட்டார்கள். வழக்கு நடந்துகொண்டிருக்கிறது.

மொத்தக் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். ரொக்கம் 3,800, கணக்கிலிருந்து 22,000, போன் 17,500, கேமரா 2,900, சாவி பூட்டு மாற்ற 7,500. பன்னிரண்டு நாள் வண்டி ஓடவில்லை, நாளுக்கு 1,800 என்று வைத்தால் 21,600. ஆக 75,300 ரூபாய். திரும்பி வந்த 7,000 போக 68,300. அந்த மாதத் தவணைக்கு மனைவியின் வளையல் அடகுக்குப் போனது. எண்ணில் அடங்காதது ஒன்றும் உண்டு. மறுபடி வண்டி எடுத்த முதல் வாரம், பின் இருக்கையில் வயதான பெண்மணி ஒருவர் கைப்பையைத் தேடி முன்னால் சாய்ந்தார். என் கழுத்து தானாகச் சுருங்கி, வண்டியை நடுச்சாலையில் நிறுத்திவிட்டேன். அவர் பயந்துபோனார். நான் மன்னிப்புக் கேட்டேன். இரண்டு மாதம் இரவு வண்டி ஓட்டவே இல்லை.

அதற்குப் பிறகு கேமராவைப் பற்றி எல்லாம் கற்றுக்கொண்டேன், இந்த முறை விலையை மட்டும் பார்க்கவில்லை. எனக்குப் புரிந்த முதல் செய்தி, பதிவு வண்டிக்குள்ளேயே இருந்தால் அது வண்டியைக் கொள்ளையடிப்பவன் கையில் இருப்பதற்குச் சமம். அவன் இறங்குவதற்கு முன்பே அது வண்டியை விட்டு வெளியேறியிருக்க வேண்டும். அதனால் சிம் போடும் கேமராவை வாங்கினேன். சாலைக்கு ஒரு கண், உள்ளுக்கு ஒரு கண். கேமராவில் உள்ள பொத்தானை அழுத்தினாலோ வண்டி குலுங்கினாலோ சில வினாடிப் பதிவை இணையத்தில் ஏற்றிவிடும், மகளின் போனிலும் தெரியும். முழு இரவையும் ஏற்றினால் டேட்டா கட்டுப்படியாகாது, தேவையும் இல்லை. ஆனால் இதை நம்பி மட்டும் இருந்தாலும் தவறு. அந்த உத்திரமேரூர் சாலையில் பல இடங்களில் சிக்னலே இல்லை, அங்கே பொத்தானை அழுத்தினால் எதுவும் போகாது. ஆகவே சிக்னல் இருக்கும் இடத்தில், பயணிகள் ஏறி உட்கார்ந்த உடனேயே ஒருமுறை அழுத்திவிடுகிறேன். முகங்கள் அப்போதே வீட்டுக்குப் போய்விடுகின்றன. நான் கற்றதிலேயே மிக முக்கியமானது இதுதான்.

உள்பக்கக் கேமராவுக்கு அகச்சிவப்பு விளக்கு இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள், இல்லையென்றால் இரவில் கருப்புத் திரை மட்டும்தான் பதிவாகும். சாக்கெட்டில் செருகும் ஒயரை விட்டுவிட்டு, ஃபியூஸ் பெட்டியிலிருந்து உள்ளே மறைத்து இணைப்பு எடுக்கச் சொல்லுங்கள். கம்பியை வெட்டி ஒட்டாமல், ஃபியூஸோடு சேர்த்துப் பொருத்தும் இணைப்பானைப் போடத் தெரிந்த எலக்ட்ரீஷியனிடம் போங்கள். நம் ஊர் வெயிலில் நிறுத்திய வண்டிக்குள் லித்தியம் பேட்டரி உப்பிக் கெட்டுவிடும், அதற்குப் பதிலாகக் கெப்பாசிட்டர் (மின்சாரத்தைச் சற்று நேரம் தேக்கிவைக்கும் பாகம்) உள்ள கேமரா தாங்கும். மெமரி கார்டில்தான் பலர் ஏமாறுகிறார்கள். போனுக்குப் போடும் சாதாரண கார்டு இரவு பகலாக அழித்து எழுதுவதைத் தாங்காது, ஒருநாள் சத்தமில்லாமல் நின்றுவிடும், கேமராவின் விளக்கு மட்டும் எரிந்துகொண்டிருக்கும். கேமராவுக்கென்றே விற்கும் நீடித்து உழைக்கும் கார்டு வாங்குங்கள். இரண்டு கண் கேமராவுக்கு மணிக்குப் பத்து, பன்னிரண்டு ஜிபி போகும் என்பதால் 128 ஜிபி கார்டு ஏறக்குறைய ஓர் இரவுக்குத்தான் வரும். ஏதாவது நடந்துவிட்டால் வண்டியை ஓட்டிக்கொண்டே இருக்காதீர்கள். முதல் வேலையாகக் கார்டைக் கழற்றிச் சட்டைப்பையில் வையுங்கள். இல்லாவிட்டால் காவல் நிலையத்துக்கும் மருத்துவமனைக்கும் அலையும் நேரத்திலேயே அது அழிந்துபோகும். ஞாயிற்றுக்கிழமைதோறும் வண்டி கழுவும்போது ஒரு பதிவை ஓட்டிப் பார்ப்பதை நான் பழக்கமாக வைத்திருக்கிறேன்.

கேமராவின் தேதியும் நேரமும் சரியாக இருக்கின்றனவா என்பதையும் அப்போதே பாருங்கள். பதிவில் 2018 என்று ஓடிக்கொண்டிருந்தால் எதிர்த்தரப்பு வழக்கறிஞருக்கு அது போதும். ஜிபிஎஸ் உள்ள கேமரா நேரத்தைத் தானே சரிசெய்துகொள்ளும். மின்னணுப் பதிவை நீதிமன்றத்தில் கொடுக்க முன்பு 65பி சான்றிதழ் என்று சொல்வார்கள். இப்போது அது புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷிய அதிநியத்தின் 63ஆவது பிரிவு. எந்தக் கருவியில் எடுத்தது, யார் பொறுப்பில் இருந்தது, கோப்பின் ஹாஷ் எண் என்ன என்று சான்றிதழில் எழுத வேண்டும். கோப்பின் கைரேகை போன்றது அந்த எண், ஓர் எழுத்து மாறினாலும் மாறிவிடும். ஆகவே பதிவை வெட்டாதீர்கள், படத்தின் மேல் எதையும் எழுதிச் சேர்க்காதீர்கள், வாட்ஸ்அப்பில் அனுப்பியதையே ஆதாரமாகக் கொடுக்காதீர்கள், அதில் கோப்பு சுருங்கி வேறொன்றாகிவிடும். மூல கார்டை உறையில் போட்டு ஒப்படைத்து, ஒப்படைத்ததற்கு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

பயணிகளின் பக்கத்தையும் நான் நினைத்துப் பார்த்தேன். எனக்கும் கல்லூரிக்குப் போகும் மகள் இருக்கிறாள். யாரோ ஒருவர் வண்டியில் அவள் தூங்கிக்கொண்டு போகும் படம் அந்நியர் கையில் இருப்பதை நான் விரும்ப மாட்டேன். அதனால் நான்கு கதவிலும், "இந்த வண்டிக்குள் கேமரா, ஒலிப்பதிவு உண்டு" என்று தமிழிலும் ஆங்கிலத்திலும் ஒட்டியிருக்கிறேன். ஏறும் முன்பே கண்ணில் படும். பிரச்சினை இல்லாத இரவின் பதிவு தானாக அழிந்துவிடும், எதையும் நான் எடுத்து வைப்பதில்லை. சண்டைக்காரப் பயணியின் வீடியோவைச் சமூக ஊடகத்தில் போடும் ஓட்டுநர்களிடம் எனக்குக் கோபம் உண்டு. அந்தக் கேமராவை நாம் உயிருக்காகப் பொருத்தினோம். பதிவைக் கேட்டால் காவல்துறையிடம் கொடுப்போம், வேறு யாருக்கும் இல்லை. ஸ்டிக்கர் ஒட்டிய பிறகு இரவில் கைகாட்டிய சிலர் கதவருகே வந்து படித்துவிட்டு வேண்டாம் என்று போயிருக்கிறார்கள். அவர்கள் யார், என்ன நினைத்தார்கள் என்று எனக்குத் தெரியாது. அந்தச் சவாரி போனதற்கு நான் வருந்தியதும் இல்லை. மகள் தேடிக் காட்டிய ஓர் ஆய்வு உண்டு. அமெரிக்காவின் 26 நகரங்களில் 1996 முதல் 2010 வரை நடந்த டாக்சி ஓட்டுநர் கொலைகளை ஆராய்ந்து 2013இல் வெளியானது. கேமரா பொருத்திய நகரங்களில் கொலை விகிதம், எந்தக் கருவியும் இல்லாத நகரங்களில் இருந்ததில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்குத்தான் இருந்ததாம். ஓட்டுநருக்கும் பயணிக்கும் நடுவில் தடுப்பு மட்டும் வைத்த நகரங்களில் அப்படித் தெளிவான வேறுபாடு தெரியவில்லை. படித்தபோது எனக்குத் தோன்றியது, கேமரா இருப்பது ஏறுபவனுக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும் என்பதுதான். என் பழைய கேமரா இருப்பதும் என்னைக் கொள்ளையடித்தவர்களுக்குத் தெரிந்திருந்தது. அதை எளிதில் கழற்றிவிடலாம் என்பதும் தெரிந்திருந்தது.

போனிலும் சில ஏற்பாடுகள். தமிழ்நாடு காவல்துறையின் காவல் உதவி செயலியில் பதிவு செய்து முதல் திரையிலேயே வைத்திருக்கிறேன். ஆண்ட்ராய்டு போன்களில் பவர் பட்டனைத் தொடர்ந்து ஐந்து முறை அழுத்தினால் அவசர உதவி இயங்கும்படி அமைக்கலாம். ஒவ்வொரு போனிலும் அமைப்பு சற்று மாறும், வீட்டில் உட்கார்ந்து ஒருமுறை பார்த்துவிடுங்கள். மனைவி, மகள், நண்பர் ஒருவர் என்று மூன்று எண்களை மனப்பாடம் செய்திருக்கிறேன். வெளிச்சவாரி ஏறியதும் போனை ஒலிபெருக்கியில் போட்டு மனைவியிடம், "மூன்று பேர், மதுராந்தகம் போகிறேன், இரண்டு மணிக்குள் வந்துவிடுவேன்" என்று பயணிகள் காதில் விழும்படி சொல்வேன். முதலில் கூச்சமாக இருந்தது. இப்போது பயணிகளே, "அம்மா, பத்திரமாக அனுப்பிவைக்கிறோம்" என்று சிரித்துக்கொண்டு பதில் சொல்கிறார்கள்.

இரவு ஒன்பது மணிக்கு வண்டியை எடுக்கும்போது மகளுக்கு வாட்ஸ்அப்பில் லைவ் லொகேஷன் அனுப்பிவிடுகிறேன். அதில் அதிகபட்சம் எட்டு மணி நேரம்தான் வைக்க முடியும். அதிகாலை ஐந்து மணிக்கு அது நின்றுவிடும். அலாரம் வைத்து எழுந்திருக்க வேண்டாம் என்று பலமுறை சொல்லிவிட்டேன், கேட்பதில்லை. ஐந்து மணி அடித்து ஓரிரு நிமிடத்தில் போன் வரும். தூக்கம் கலையாத குரலில், "அப்பா, புள்ளி போய்விட்டது. எங்கே இருக்கிறீர்கள்?" என்பாள். வண்டலூர் பாலம் தாண்டிவிட்டேன் என்பேன். "சரி, கேட் திறந்து வைக்கிறேன்" என்று சொல்லிவிட்டு வைப்பாள்.